தில்லு இருந்தா போதுமா? விமானம் ஓட்டப் போறவங்களுக்கு ஒரு பி.காம்.காரனின் சண்டைப் பதிவு

போன பதிவில் தேய்மானக் கணக்கு பற்றி எழுதி பாதி வகுப்பைத் தூங்க வைத்துவிட்டேன் என்று புகார். அதனால் இந்த முறை கொஞ்சம் உயரமாகப் போகலாம் :-)

என்னோடு பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்த ஒருத்தன் இப்போது வடக்கே ஒரு மாநிலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். அப்பா வயலை விற்றிருக்கிறார், மிச்சத்துக்கு வங்கிக் கடன். சில வாரங்களுக்கு முன்னால் அவன் தனியாக ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறந்து போய் வர வேண்டிய நாள். காலையில் எழுந்து பார்த்தால் வழியில் மேகம் தாழ்வாக இருக்கிறது. "இன்னைக்கு நான் போகலை சார்" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அங்கே கூடப் படிக்கிறவர்கள் கிண்டல். சரி, அது அவர்கள் பாடு. நம்ம பள்ளிக்கூட வாட்ஸப் குழுவிலும் ஆரம்பித்துவிட்டார்கள். "தில்லு இல்லாதவனுக்கு எதுக்குலே ஏரோப்ளேன்?" "இவ்வளவு துட்டு கட்டிட்டு ரூம்ல படுத்துக் கிடக்கான்."

இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

"நீ என்னலே பைலட்டா?" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இல்லை. நான் பி.காம். ஆனால் விமான விபத்து விசாரணை அறிக்கைகள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடைக்கின்றன. நம்ம ஊரில் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு வெளியிடுகிறது, அமெரிக்காவில் என்.டி.எஸ்.பி. தணிக்கை அறிக்கை படிக்கப் பழகியவனுக்கு அவை அந்நியமாகத் தெரியாது. ஒரு கம்பெனி எப்படித் திவாலானது என்று படிப்பது போலத்தான். படித்தால் ஒன்று தெரியும்: சின்ன விமானங்களில் செத்தவர்களில் பலருக்கு தில்லு குறைவாக இருந்ததே இல்லை.

காஸ்டிங் பாடத்தில் "சங்க் காஸ்ட்" என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏற்கெனவே செலவாகிப் போன பணம். திரும்ப வராது. அடுத்த முடிவை எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பரீட்சையில் எல்லாரும் இதை எழுதி ஐந்து மார்க் வாங்குகிறோம். வாழ்க்கையில் சினிமா மொக்கை என்று தெரிந்தும் டிக்கெட் காசுக்காகக் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறோம். தியேட்டரில் அதனால் உயிர் போகாது. "இவ்வளவு துட்டு கட்டியாச்சே, பாதி தூரம் வந்தாச்சே, அங்க ஆள் காத்துக்கிட்டு இருக்காங்களே" என்ற அதே நினைப்பு காக்பிட்டில் வந்தால் போகும். இன்று காலை வானம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கும் அவன் அப்பா வயலை விற்றதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேகத்துக்கு அந்தப் பத்திரம் தெரியாது.

1999 ஜூலை 16. அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன், ஜான் கென்னடி ஜூனியர், மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு தன் சொந்தச் சின்ன விமானத்தில் ஒரு குடும்பக் கல்யாணத்துக்குக் கிளம்பினார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவதாகத் திட்டம். தாமதமாகி இருட்டிய பிறகுதான் கிளம்ப முடிந்தது. கீழே கடல், சுற்றிலும் புகைமூட்டம், அடிவானமே தெரியவில்லை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை. மூன்று பேரும் இறந்தார்கள். திசையும் மேல் கீழும் குழம்பி, இருட்டில் கடல் மேல் இறங்கும்போது விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணை முடிவு. ஏறக்குறைய முந்நூறு மணி நேரம் பறந்தவர். நம்ம ஊரில் வணிக பைலட் உரிமத்துக்குக் கேட்பதே 200 மணி நேரம்தான்.

"அது வெளிநாடு" என்பவர்களுக்கு, 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் பக்கத்தில் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி உட்பட 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்து, பைலட்டுக்கு இடக்குழப்பம் ஏற்பட்டு மலையில் மோதியது என்றுதான் விமானப்படை வெளியிட்ட முதற்கட்ட முடிவு சொன்னது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். மெஷின் பெரியது, இரட்டை எஞ்சின். இப்போது சொல்லுங்கள், அறுபது மணி நேரம் பறந்த நம்ம பையன் ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் மேகத்தைப் பார்த்து "வரலை" என்றது பயமா?

மேகத்துக்குள் என்னதான் ஆகும்? 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவி பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பைலட்டுகளை, மேகத்துக்குள் போனது போன்ற நிலையில் ஓட்ட விட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தை ஆட்டோவில் தாண்டுவதற்குள் முடிந்துபோகிறது. காரணம் தில்லுக் குறைவு இல்லை. காதுக்குள் இருக்கிற திரவம் நேராகப் போகிறோம் என்று பொய் சொல்கிறது, உடம்பு நம்பிவிடுகிறது. உடம்பின் பேச்சைக் கேட்காமல் கருவியை நம்பத் தனிப் பயிற்சி வேண்டும். அது வருகிற வரைக்கும் மேகத்துக்கு ஒரே மருந்து, திரும்பி வருவது. அதுவும் மேகம் மூக்கில் இடிக்கும்போது இல்லை, முன்னால் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்போதே.

சரி, வெறும் சண்டை மட்டும் போட்டால் எப்படி? நம்ம ஊர்ப் பக்கமே ஒரு சின்ன விமானம் பறக்கிறது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் காற்று. குற்றாலத்தில் சீசன் என்றால் நமக்குச் சாரலும் குளியலும் புரோட்டாவும். பைலட்டுக்கு அதே சீசனுக்கு வேறு அர்த்தம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, ஆரியங்காவு கணவாயிலும் ஆரல்வாய்மொழி கணவாயிலும் பீறிட்டு வருகிறது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் இத்தனை காற்றாடிகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக, 10/28 என்ற எண்களோடு இருக்கிறது. அதாவது மேற்குப் பார்த்து இறங்கினால் 280 டிகிரி. காற்று 240 டிகிரியிலிருந்து 20 நாட் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 40 டிகிரி. குறுக்கே தள்ளும் பங்கு 20 பெருக்கல் 0.64, கிட்டத்தட்ட 13 நாட். செஸ்னா 152க்குத் தயாரித்தவர்கள் செய்து காட்டிய குறுக்குக் காற்று 12 நாட். கால்குலேட்டர் கூட வேண்டாம். வித்தியாசம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி, 45 என்றால் பத்தில் ஏழு பங்கு, 60க்கு மேலே போனால் முழுசும் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம், சாயங்காலம் பார்க்கலாம்" என்று சொல்பவனுக்கு நம்ம குழுவில் என்ன பேர் வைத்திருக்கிறோம்?

இதில் வேகம் வேகமாக மாறும் காற்று இன்னும் மோசம். 15 நாட், இடையிடையே 25 என்று அறிக்கை வந்தால் கணக்கை 25க்குப் போட வேண்டும். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று அக்கவுண்டன்சியில் படித்தோமே: வரப்போகிற லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்தை இப்போதே எழுதிவிடு. அதேதான்.

மலைப் பக்கம் போக ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாபநாசத்துக்கு மேலே தாமிரபரணி இறங்கி வரும் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொதிகை உச்சி 1868 மீட்டர், ஆறாயிரம் அடிக்கு மேல். செஸ்னா 152 நல்ல குளிர்ந்த நாளில், கடல் மட்டத்தில், நிமிடத்துக்கு எழுநூறு அடி சொச்சம் ஏறும். மேலே போகப் போக அதுவும் குறையும். மேற்கிலிருந்து வரும் காற்று மலையைத் தாண்டி நம்ம பக்கம் விழும்போது கீழ்நோக்கிய ஓட்டம் அதைவிட அதிகமாக இருக்கலாம். நீங்கள் முழு சக்தியில் ஏறிக்கொண்டிருப்பீர்கள், உயரமானி இறங்கிக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்குக்குள் நடுவே போனால் திரும்பவும் இடம் இருக்காது. அதனால் தெரிந்தவர்கள் சொல்வது: பலமான காற்றில் முகட்டைத் தாண்டுவதானால் குறைந்தது இரண்டாயிரம் அடி மேலே தாண்டு. நேராகப் போய் முட்டாதே, 45 டிகிரி சாய்வாக நெருங்கு, தள்ளினால் சமவெளிப் பக்கம் சட்டென்று திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கு என்றால் ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் போ, திரும்புவதற்கு மறுபக்கம் முழுக்கக் கிடைக்கும். இது எதுவும் பிடிக்கவில்லை என்றால் அம்பாசமுத்திரத்தோடு நின்றுகொள். ஆறு அங்கேயும் அழகாகத்தான் ஓடுகிறது.

அடுத்து வெயில். நம்ம ஊர் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சூடான காற்று அடர்த்தி குறைவு. றெக்கைக்கும் குறைச்சல், ப்ரொப்பெல்லருக்கும் குறைச்சல், எஞ்சினுக்கும் குறைச்சல். கடல் மட்டத்தில் 15 டிகிரிதான் கணக்குக்கு வைத்த அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி. 40 டிகிரி மதியத்தில் 25 பெருக்கல் 120, மூவாயிரம் அடி. வாகைகுளம் தரையில் நிற்கும் விமானம் மூவாயிரம் அடி மலைமேல் நிற்பது போலத்தான் நடந்துகொள்ளும். ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும்.

கூடவே எடையையும் போடுங்கள். செஸ்னா 152 அதிகபட்சம் 757 கிலோ. காலி எடை விமானத்துக்கு விமானம் மாறும், 515 என்று வையுங்கள். நல்லா சாப்பிடுகிற இரண்டு பேர், ஆளுக்கு 80, மொத்தம் 160. பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் சுமார் 93 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ, ஆக 67. கூட்டினால் 742. மீதி 15 கிலோ. இதில் "அம்மா அங்க இருக்கிற சித்திக்கு அல்வாவும் அரிசி முறுக்கும் கொடுத்து விட்டிருக்கா" என்று ஒரு பையைப் பின்னால் வைத்தால், எடை மட்டும் இல்லை, எடையின் மையமும் பின்னால் நகரும். பின்னால் நகர்ந்தால் மூக்கு லேசாகி, ஸ்டால் ஆனால் மீட்பது கஷ்டமாகிவிடும். ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட வேண்டும். "போன தடவை சரியாத்தான இருந்துச்சு" என்பது கணக்கு இல்லை. போன வருட இருப்புநிலைக் குறிப்பை இந்த வருடம் தாக்கல் செய்வீர்களா?

ஸ்டால் என்றதும் சொல்ல வேண்டியது. எஞ்சின் நிற்பதை ஸ்டால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பைக் பழக்கம். விமானத்தில் ஸ்டால் என்றால் றெக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறி, தூக்கும் சக்தி உடைந்துபோவது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆகும். சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் ஆகும் வேகம் கூடும். 30 டிகிரி சாய்வில் 7 சதவீதம், 45இல் 19, 60இல் 41. இறங்குவதற்கு முன்னால் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். கதை எப்போதும் ஒன்றுதான். பின்காற்று தள்ளி ஓடுதளத்தின் நேர்கோட்டைத் தாண்டிவிடுகிறான். "எப்படியாவது பிடிச்சிரலாம்" என்று இன்னும் சாய்க்கிறான், ரட்டரை மிதிக்கிறான், மூக்கைத் தூக்குகிறான். ஒரு றெக்கை முதலில் விழுந்து விமானம் சுழல ஆரம்பிக்கும். ஐந்நூறு அடியில் மீள்வதற்கு உயரம் இல்லை. மாற்று வழி ரொம்ப எளிது: முழு சக்தி கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வருவது. செலவு சில நிமிடம், இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோல். கீழே நின்று பார்ப்பவன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

அதே குடும்பத்தில் இன்னொரு சாவு: கிளம்பிய உடனே எஞ்சின் நின்றுபோனால் ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாம் என்று நினைப்பது. நானூறு அடியில் அது முடியாது. உடனே மூக்கை இறக்கி வேகத்தைக் காப்பாற்றி, முன்னால் கொஞ்சம் இடம் வலம் பார்த்து, வயலோ பொட்டலோ அங்கேயே இறங்க வேண்டும். விமானம் உடையும். உடைந்தால் இன்சூரன்ஸ். கிளம்புவதற்கு முன்னாலேயே "நின்னா எங்க இறங்குவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்ம பக்கம் என்றால் குளங்கள் நிரம்பியிருக்கும் கார்த்திகையில் அந்தப் பதில் ஒன்று, காய்ந்து கிடக்கும் வைகாசியில் வேறு.

கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் என்றால் நெல்லைக்காரன் சிரிப்பான். 30 டிகிரி வெயிலில் ஐஸா? பிடிக்கும், ஈரப்பதம் இருந்தால். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பநிலை சடாரென்று விழும். கடற்கரை ஓரம், காற்றில் ஈரம், எஞ்சினைக் குறைத்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரம், இதுதான் அதற்குப் பிடித்த சூழ்நிலை. சுற்று குறைய ஆரம்பித்தால் கார்ப் ஹீட்டை முழுசாக இழுக்க வேண்டும், பாதியாக இல்லை. முதலில் எஞ்சின் இன்னும் மோசமாக இருமும், உருகிய தண்ணீர் உள்ளே போகிறது. பயந்து திரும்பத் தள்ளிவிடக் கூடாது. பெட்ரோலைப் பொறுத்தவரை மீட்டரை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டு அளக்கணும், அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து நிறம் பார்க்கணும். ஏவ்கேஸ் 100எல்எல் நீலம், தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். நிறமே இல்லாமல் இருந்தால், பிடித்தது முழுக்கத் தண்ணீராகக்கூட இருக்கலாம்.

வழி கண்டுபிடிப்பது பற்றி "நம்ம ஊர்ல என்ன கஷ்டம், ஆத்தைப் புடிச்சுப் போனா புன்னக்காயல்" என்பார்கள். நிஜம்தான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் என்று தாமிரபரணி போல ஒரு வழிகாட்டி கிடைக்காது. ஆனால் ஆற்றுக்குத் தெற்கே கொஞ்சம் விலகினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அங்கே இருக்கும் கோபுரங்கள் 470 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான கட்டுமானங்கள், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இழுகம்பிகள். கடற்கரையில் குலசேகரன்பட்டினத்துக்கு ராக்கெட் ஏவுதளம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. எங்கே எந்த உயரம் வரை தடை என்று விமான வரைபடத்தையும் அன்றைய நோட்டாமையும் பார்க்காமல் கூகுள் மேப்பை வைத்துக் கிளம்புகிறவனின் தில்லைப் பாராட்ட கடற்படையே வரும்.

இப்போது எதிர்க்கட்சி. "இப்படியெல்லாம் யோசிச்சா எவனும் பறக்கவே முடியாது. அந்தக் காலத்துல ரேடியோ கூட இல்லாம கண்டம் விட்டுக் கண்டம் போகலையா?" போனார்கள். எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். 1929இல் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு 500 பவுன். ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன் லண்டனிலிருந்து வந்தார், ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் போனார். வழியில் எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் ஆஸ்பி நின்றுகொண்டிருக்கிறார். ஸ்பார்க் ப்ளக் இல்லை. போட்டி நேரம் ஓடுகிறது, ஆனாலும் அரைகுறை ப்ளக்கோடு கிளம்பவில்லை, தரையில் காத்திருந்தார். டாடா தன்னிடம் இருந்த உபரியைக் கொடுத்தார். ஜெயித்தது ஆஸ்பி. பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதியும் ஆனார். அவரையும் நம்ம குழுவில் சேர்த்திருந்தால் அபுகிரில் உட்கார்ந்திருந்ததற்குக் கிண்டல் பண்ணியிருப்போம். (டாடாவிடம் கல்லூரிப் பட்டமே கிடையாது என்பதை, வணிகம் படித்தவனுக்கு விமானம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். தனியார் பைலட் உரிமத்துக்குப் பத்தாம் வகுப்பு போதும்.)

இன்னொரு வாதம்: "ஏர்லைன்ஸ்ல மணிக்கணக்கைத்தான் பார்ப்பான், சீக்கிரம் 200 ஏத்திரணும்." இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2011 போதும். பறக்காமலே பறந்ததாக ராஜஸ்தானில் லாக் புத்தகத்தில் மணிக்கணக்கு எழுதிய விவகாரமும், போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கிய பைலட்டுகளும் அந்த வருடம்தான் பிடிபட்டார்கள். லாக் புத்தகம் என்பது ஒரு பேரேடு. போலிப் பதிவு போட்டால் இருப்பு கூடியது போலத் தெரியும். கம்பெனி என்றால் தணிக்கையாளர் வந்து கண்டுபிடிப்பார். இங்கே கண்டுபிடிப்பது குறுக்குக் காற்று.

பறக்காமல் விட்ட நாளையும் லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லி என் நண்பனிடம் சொன்னேன். தேதி, காரணம், அன்று மதியம் வானிலை உண்மையில் என்ன ஆனது. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் எங்கே சரியாகக் கணித்தோம், எங்கே அதிகம் பயந்தோம் என்று அவனுக்கே தெரியும். 'எழுதுறேன் மக்கா' என்றான்.

கோவில்பட்டி பக்கம் பழைய ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி செய்கிறது என்று சில வருடங்களாகப் பேச்சு இருக்கிறது. அது வந்தாலும் சரி, வேறு எங்கே சேர்ந்தாலும் சரி, பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை விமானம், வேலை கிடைக்குமா என்பதெல்லாம் அப்புறம். "போன மாசம் வானிலை சரியில்லைன்னு மாணவன் தானா முடிவு பண்ணி ரத்து செஞ்ச பறப்பு எத்தனை? அதுக்கு அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால், விண்ணப்பப் படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.